கேமரன் மலைக் கடிதம்: போன காசும் போகாத காசும்

இணையத்தில் கார்டு எண்ணைப் போட்டுப் பொத்தானை அமுக்கியதும் பணம் போய்விடுவதில்லை. அப்போது நடப்பது வெறும் விசாரணை. கடைக்காரரின் வங்கி ‘இவ்வளவு தேறுமா’ என்று கேட்கும். கார்டு கொடுத்த வங்கி ‘தேறும்’ என்று சொல்லி, அந்தத் தொகையை ஓரமாக ஒதுக்கி வைக்கும். இதைத்தான் ஹோல்டு என்கிறார்கள். மலேசியத் தமிழர் வாயில் அது ‘காசைப் புடிச்சி வச்சிருக்கான்’ என்று வரும். கடைக்காரர் பிறகு கணக்கை அனுப்பும்போதுதான் உண்மையான வசூல். அது அன்றிரவே நடக்கலாம், மூன்று நாள் கழித்தும் நடக்கலாம். அதுவரை பணம் வங்கியிலேயே இருக்கிறது. உரியவர்தான் அதைத் தொட முடியாது. கிரெடிட் கார்டு என்றால் செலவு வரம்பு சுருங்கும். டெபிட் கார்டு என்றால் சொந்தச் சேமிப்பே முடங்கும். ‘காசு போச்சா, இருக்கா?’ என்று ஊரிலிருந்து வரும் கேள்விக்கு இரண்டில் எதைச் சொன்னாலும் பாதிப் பொய்.

இதைக் கற்றுக்கொள்ள மலேசியாவில் மிகச் சிறந்த பள்ளிக்கூடம் பெட்ரோல் நிலையம். பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்குத் தாப்பாவிலிருந்து ஏறும் சாலையில் நேராக ஒரு மைல் கிடைப்பதே அபூர்வம். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று ஏறுவதற்குள் வண்டிக்கு எண்ணெய் தேவைப்பட்டுவிடும். பம்பிலேயே கார்டைச் செருகினால் இயந்திரம் முதலில் 200 வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, பிடித்து வைக்கும். எவ்வளவு ஊற்றப் போகிறார்கள் என்று அதற்குத் தெரியாது, ஆகவே டாங்கு நிறையும் என்றே எண்ணிக்கொள்கிறது. பத்து வெள்ளிக்கு ஊற்றும் மோட்டார் சைக்கிளுக்கும் அதே மரியாதைதான். மீதி 190 திரும்ப ஓரிரு நாளும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். சம்பளத்துக்கு முந்தின வாரம் டெபிட் கார்டில் இருப்பதே 210 வெள்ளி என்றால், அந்த நாள்களில் பத்து வெள்ளிக்கு மேல் எதையும் வாங்க வழி இருக்காது. மருந்து எளிது: உள்ளே போய்ப் பம்பு எண்ணையும் தொகையையும் சொல்லிக் கட்டினால் சொன்ன தொகை மட்டுமே போகும்.

ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இந்த மலையில்தான் இருக்கிறது. இங்குள்ள தோட்டங்களில் தமிழர் எடுத்த கொழுந்தை இன்று பங்களாதேஷ், நேபாளத்துப் பிள்ளைகள் எடுக்கிறார்கள். காலையில் வெட்டிய கொழுந்து வாடி, அரைபட்டு, புளித்து, காய்ந்து மறுநாளே தூளாகிவிடும். அதே காலையில் பிடிபட்ட இருநூறு வெள்ளி அந்நேரம் நகரக்கூடத் தொடங்கியிருக்காது.

தங்கும் விடுதிகளில் சிக்கல் இன்னும் பெரிது. சுற்றுலா வரும் உறவினர் அறைக்கு முன்பதிவு செய்கிறார், வைப்புத்தொகை பிடிபடுகிறது, பிறகு திட்டம் மாறி ரத்து செய்கிறார். ‘நாங்கள் அன்றே விட்டுவிட்டோம்’ என்கிறது விடுதி. ‘எங்களுக்கு ஒன்றும் வரவில்லை’ என்கிறது வங்கி. உறவினர் இருவரையும் திருடர் என்கிறார். உண்மையில் இருவர் சொல்வதும் சரியாக இருக்க வாய்ப்புண்டு. விடுதி ‘வசூலிக்கப் போவதில்லை’ என்று தன் புத்தகத்தில் அடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாம். ‘பிடித்ததை விடு’ என்று வங்கிக்குத் தனிச் செய்தி போனால்தான் பணம் உடனே விடுபடும். அது போகாவிட்டால் ஹோல்டு தானாகக் காலாவதியாகும்வரை காத்திருப்பு: சாதாரண வாங்கலுக்கு ஒரு வாரம், பத்து நாள்; விடுதி, வாடகைக் கார் என்றால் ஒரு மாதம் வரைக்கும். பிடிக்கச் சொல்லும் செய்தியை அனுப்ப எந்தக் கடைக்காரரும் மறந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

இந்திய கார்டோடு மலையேறுபவருக்குக் கூடுதலாகச் சில படிகள் உண்டு. 2009 ஆகஸ்டு முதல் இந்தியாவுக்குள் இணையத்தில் கார்டில் கட்ட இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம்; அதனால் ஓடிபி நம்மவர் வாழ்வில் ஓர் அங்கம். மலேசியக் கடைகளும் பல இடங்களில் அதைக் கேட்கும். தேயிலைச் சரிவின் அடியில் அலைபேசிக்கு ஒரு கோடு அலை வந்தாலே பெரிய விஷயம். ஆறு இலக்கத்தைத் தேடி மேட்டுக்கு ஓடி, மூச்சு வாங்கி, எண்ணைப் படித்துவிட்டு இறங்கி வந்தால், திரையில் ‘நேரம் முடிந்தது’ என்றிருக்கும். பதறி மறுபடி அமுக்குவது மனித இயல்பு. முதல் முயற்சி வங்கியில் அனுமதி பெற்றுவிட்டு, பதில் மட்டும் கடைக்கு வந்து சேராமல் போயிருந்தால், அப்போது இரண்டு ஹோல்டு விழும். ஓர் அறைக்கு இரண்டு அறைக் காசு.

திரும்பி வருவதிலும் இரண்டு வகை. ஹோல்டு விடுபட்டால் எடுத்து வைத்தது அப்படியே கிடைக்கும், ஒரு காசு குறையாது. வசூலாகிவிட்ட பிறகு கடைக்காரர் ரீஃபண்டு கொடுத்தால் அது புதுக் கணக்கு. ரிங்கிட் அன்றைய விலைக்கு ரூபாயாக மாறும். வாங்கும்போது வங்கி எடுத்த அந்நியச் செலாவணிக் கட்டணம், பல இந்திய கார்டுகளில் 3.5 சதவீதம் வரை, பெரும்பாலும் திரும்பாது. ஆகவே ரத்து செய்வதென்றால் வசூலாகும் முன்பே செய்வது லாபம்.

தாமதத்துக்கு நஷ்டஈடு உண்டா என்றால், உண்டு, ஊரில். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, இணைய வாங்கலில் பணம் எடுக்கப்பட்டும் கடைக்கு உறுதி போய்ச் சேராவிட்டால் ஐந்து நாளுக்குள் வங்கி திருப்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய். ஆனால் அது உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கு மட்டும். கடல் தாண்டினால் அந்த நூறு ரூபாய் கரையிலேயே நின்றுவிடும். அனுமதிச் செய்தி கடலைக் கடக்க ஓரிரு நொடி போதும். விடுவிக்கும் செய்தியோ ஒரு காலத்தில் ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வர எடுத்த நாள்களையே இன்றும் எடுத்துக்கொள்கிறது.

பிரிஞ்சாங் சாலையோரத்தில் சோளமும் ஸ்ட்ராபெரியும் விற்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. டூயிட்நவ் கியூஆர் அட்டையை மாட்டியிருக்கிறார்கள்; உள்ளூர் வங்கிக் கணக்கிலிருந்து காசு நேராக அவர்கள் கணக்குக்குப் போகிறது. நடுவில் பிடித்து வைக்க யாருமில்லை.

இந்தப் பக்கம் வரத் திட்டமிட்டிருப்பவர்கள் புறப்படும் முன் வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட வேண்டும். 2020 முதல் இந்திய வங்கிகள் புதுக் கார்டில் அதை மூடி வைத்துத்தான் தருகின்றன. ஊர் சிம்முக்கு ரோமிங் இருக்கட்டும். பணம் சிக்கினால் விடுதியிடம் சண்டைக்குப் போவதை விட, அனுமதி எண்ணோடு ‘வசூலிக்கவில்லை’ என்று ஒரு கடிதம் வாங்கி வங்கிக்கு அனுப்புவது வேகமாக வேலை செய்யும். மறக்காமல், ஐம்பது வெள்ளித் தாள் நாலு சட்டைப்பையில் இருக்கட்டும்.