ஈக்கு ஏது விசா, பேராண்டி?

ஜெர்மனிக்கா? மகராசனாப் போய்ட்டு வா. பெட்டிக்குள்ள என்ன, செந்தூரா மாம்பழமா? ஒரு டஜன் தேறுமா? துணிக்கு நடுவுல பதமா வை, நசுங்கிடப் போகுது. நம்ம கிருஷ்ணகிரிப் பழத்தை ஐரோப்பாவுல ஒரு குப்பைத்தொட்டியாவது ருசி பார்க்கட்டும்.

முறைக்காதே. 2019 டிசம்பர்லேருந்து அங்கே சட்டம் அப்படி. பழத்தோட பழ ஈ மாதிரிப் பூச்சி உள்ளே வந்துடக் கூடாதுன்னு, கைப்பையில கொண்டு போற பழத்துக்கும் பயிர்ச் சுகாதாரச் சான்று வேணும். அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை, இந்த அஞ்சுக்கு மட்டும் கேட்கிறதில்லை. தேங்காயும் வாழைப்பழமும் போகலாம்னா, அர்ச்சனைத் தட்டு வரைக்கும் வெள்ளைக்காரன் யோசிச்சிருக்கான் பாரு. வெத்தலையை மறந்துட்டான், போகட்டும்.

"ஒரு ஈக்கு இவ்வளவு பயமா தாத்தா?"ங்கிறே. டீக்கடை பன் மேல உட்கார்ற ஈன்னு நெனச்சியா? இந்தப் பழத்தைக் கையில எடு. ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, மேலே பிசின் காஞ்சு ஒட்டியிருக்கா? கட்டை விரலால அமுக்கு. உள்வாங்குதுல்ல? இப்ப அறு. வெள்ளையா நெளியுது பார், தொட்டா வில்லா வளைஞ்சு எகிறுது. பொம்பளை ஈ தோலைக் குத்தி முட்டையை வெச்சுட்டுப் போயிடும். புழு சதையைத் தின்னு கொழுக்கும், பழம் உதிரும், புழு மண்ணுக்குள்ள இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாத் திரும்பி வரும். இந்த ஈ 2003-ல கென்யாவுல தலை காட்டுச்சு. நம்ம ஆசியாப் பக்கத்து ஈதான். அப்புறம் ஆப்பிரிக்காவுல நாடு நாடாப் பரவிடுச்சு. அதுக்கு எவன் விசா குத்தினான்?

2014 மே மாசம் ஐரோப்பாக்காரன் நம்ம மாம்பழத்தை நிறுத்தினான். கூடவே கத்தரி, பாகல், புடலை, சேம்பு. லண்டன்ல ஒரு புடலங்காக் கூட்டுக்குக்கூட வழியில்லாமப் போச்சு. முந்தின வருஷம் மட்டும் 207 சரக்குல பூச்சி இருந்ததாம். சதி, சதின்னு டீக்கடையில கத்தினோம், நானுந்தான். அப்புறம் 48 டிகிரி வெந்நீர்ல ஒரு மணி நேரம் பழத்தை முக்கி எடுக்கிறதுன்னு ஏற்பாடாச்சு, 2015-ல மாம்பழத்துக்குக் கதவு திறந்துச்சு. உங்க பாட்டி தீபாவளிக்குக்கூட எனக்கு அவ்வளவு நேரம் வெந்நீர் ஊத்தினதில்லை.

சதியே கிடையாதுன்னும் சொல்ல மாட்டேன். 2007-ல அமெரிக்காக்காரன் நம்ம பழத்துக்குக் கதிர்வீச்சு காட்டி உள்ளே விட்டான். அதே சமயம் அவனோட ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளை நாம உள்ளே விட்டோம். மாம்பழத்துக்கும் மோட்டாருக்கும் என்ன உறவுங்கிறியா? வியாபாரத்துல எல்லாரும் சம்பந்தி.

அவனை விடு, உங்க அப்பன் கதைக்கு வா. தோட்டத்துல உதிர்ந்த பழத்தை ஒருநாள் பொறுக்கியிருப்பானா? ஈக்குப் பேறுகாலம் பார்க்கிற புண்ணியம் போயிடுமே! மீதைல் யூஜினால்ல ஊறப்போட்ட கட்டையைப் பொறியில கட்டித் தொங்கவிட்டா, ஆம்பிளை ஈயெல்லாம் மாப்பிள்ளை பார்க்கிற வீட்டுக்கு வர்ற மாதிரி வந்து விழுந்து சாகும். கட்டுடான்னேன். "பக்கத்துத் தோட்டத்து ஈயும் நம்ம தோட்டத்துக்கு வந்துடும், அவன் முதல்ல கட்டட்டும்"ங்கிறான். பக்கத்துத் தோட்டத்தான் உங்க அப்பன் கட்டட்டும்னு காத்திருக்கான். நடுவுல ஈ குடும்பம் நடத்துது.

உனக்கு மாம்பழ வாசனை இல்லாம இருக்க முடியாதுன்னா, டப்பாவுல அடைச்ச பெங்களூராக் கூழ் வாங்கிக்கோ. அதுக்கு இந்தச் சான்று தொந்தரவில்லை. பழமாத்தான் வேணும், தோலோடதான் வேணும்னா, கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைங்கிற கதைதான்.

பிளைட்டு நாளைக்கு ராத்திரிதானே? கூடை திண்ணையில இருக்கு. கிழக்கு வரிசையில உதிர்ந்து கிடக்கிறதைப் பொறுக்கி, ரெண்டடி ஆழம் வெட்டிப் புதைச்சுட்டு வா. மண்வெட்டிக் காம்பு லேசா ஆடுது, பார்த்துப் பிடி. அந்தப் பெட்டியை இப்படித் தள்ளிட்டுப் போ. ஆபீசர் வேலையை நானே பார்த்துடறேன்.