பேனருக்குப் பின்னால யாருப்பா?

கண்ணுங்களா, கல்வி அறக்கட்டளை ஆரம்பிச்சிட்டீங்களாமே! யாரும் சொல்லித் தெரிஞ்சுக்கல. நம்ம காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல எந்தத் தெருவுல திரும்பினாலும் உங்க மூஞ்சிதான் கையெடுத்துக் கும்புடுது. தலைவர், செயலாளர், பொருளாளர், கௌரவத் தலைவர், அந்தக் கௌரவத் தலைவருக்கு ஒரு ஆலோசகர். எல்லாரும் வெள்ளைச் சட்டை. படிக்கப்போற புள்ளைங்க படம் எங்கடா காணோம்னு கண்ணாடியைத் தொடச்சிக்கினு தேடினேன். கீழ் மூலையில, பிரஸ்ஸுக்காரன் போன் நம்பருக்குப் பக்கத்துல, ஒரு புஸ்தகமும் பட்டம் வாங்குற தொப்பியும் வரைஞ்சிருக்குது. சரி, மரியாதைக்கு அதாவது இருக்குதே.

கோவிச்சுக்காதீங்க. நல்ல காரியந்தான். நம்மூர்ல நாலு பேரு ஒண்ணா சேர்ந்தா சீட்டு புடிப்பாங்க, இல்லேன்னா கட்சியில கோஷ்டி கட்டுவாங்க. நீங்க புள்ளைங்க படிப்புக்குன்னு வூடு வூடா ஏறி எறங்குறீங்க. கிழவனுக்கு சந்தோஷம். தறிக்குழிய விட்டு எழுந்ததுக்கு அப்பால எனக்கு மிச்சம் இருக்கறது வாய் ஒண்ணுதான். அதால கொஞ்சம் பேசறேன். கேக்கறதுன்னா கேளுங்க, இல்லேன்னா அடுத்த பேனருக்கு அளவெடுக்கப் போங்க.

இந்தத் தொழில்ல உங்களுக்கு முன்னால எறங்குனவர் கதையைத் தெரிஞ்சிக்கினுதான் எறங்கினீங்களா? பச்சையப்ப முதலியாரைச் சொல்றேன். "தெரியும் தாத்தா, நம்மூரு காலேஜு பேரு"ன்னு தலையாட்டாதீங்க. காலேஜு 1947ல வந்தது. ஆளு 1754ல பொறந்தவர். பொறக்கறதுக்கு முன்னாலயே அப்பன் போய்ச் சேர்ந்துட்டார். பவுனி நாராயண பிள்ளைன்னு ஒரு மனுஷன் கைதூக்கி விட்டார். வெள்ளைக்காரங்களுக்குத் துபாஷா, அதாவது மொழிபெயர்க்கிற தரகரா இருந்து பச்சையப்பர் சம்பாரிச்சது கொஞ்சநஞ்சமில்ல. நாப்பது வயசுல, 1794ல கண்ணை மூடறதுக்கு முன்னால, சொத்தை தர்மத்துக்குன்னு உயில் எழுதி வெச்சார். பெரும்பாலும் கோயில் காரியத்துக்கு.

எழுதினவர் போயிட்டார். அப்பால பாருங்க வேடிக்கையை. பொறுப்புல இருந்தவங்க, பொறுப்புக்கு வர ஆசைப்பட்டவங்க, நேத்து வரைக்கும் எட்டிப் பாக்காத சொந்தக்காரங்க, எல்லாரும் கோர்ட்டு வாசல்ல. நம்ம அத்திவரதர்கூட நாப்பது வருஷம் ஆச்சுன்னா குளத்தை விட்டு மேல வந்துடறார், 2019ல ஊரே நெரிசல்ல நசுங்கிப் பாத்தோமே. பச்சையப்பர் பணம் அவரையும் மிஞ்சி, கிட்டத்தட்ட நாப்பத்தேழு வருஷம் உள்ளயே கெடந்துச்சு. அத்தனை வருஷமும் அந்தத் தர்மத்துல யாராவது படிச்சிருந்தா அது வக்கீலுங்க வூட்டுப் புள்ளைங்களாத்தான் இருக்கும்.

கடைசியில அதை மேல தூக்கினது யாரு? மாமனா, மச்சானா? ஜார்ஜ் நார்ட்டன்னு ஒரு வெள்ளைக்கார அரசாங்க வக்கீல். கோயில் தர்மத்துக்குன்னு ஒதுக்கினது போக மிச்சத்தைப் படிப்புக்குத் திருப்பி விட்டதுல அவர் கை பெருசு. 1842 ஜனவரியில மெட்ராஸ்ல பள்ளிக்கூடம் தொறந்தாங்க. அரசாங்கமும் நடத்தல, பாதிரிமாரும் நடத்தல, நம்மாளு காசுல நடந்துச்சு. அப்பால நம்மூருக்கும் கிளை வந்துச்சு. அதுலயும் ஒரு கொறை உண்டு. இந்துப் பசங்களுக்குத்தான் எடம்னு ரொம்ப காலம், 1947 வரைக்கும், வெச்சிருந்தாங்க. தர்மம் பண்றவங்க வாசல்ல ஒரு காவக்காரனையும் நிறுத்தி வெக்கிறது பழைய பழக்கம்.

இதை ஏன் சொல்றேன்னா, உங்க டிரஸ்ட் பத்திரத்துல 'ஆயுட்காலத் தலைவர்'னு ஒரு வரி போட்டிருக்கீங்களாம். தம்பி, உன் ஆயுசு எவ்ளோன்னு உனக்கே தெரியாது. உனக்கு அப்பால உன் மருமவன் வந்து உக்காந்தா இன்னா பண்ணுவ? சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்னு தெரியாமலா பெரியவங்க சொன்னாங்க? மூணு வருஷத்துக்கு ஒரு தரம் ஆளை மாத்து. பேங்குல ரெண்டு கையெழுத்து வை, அந்த ரெண்டும் ஒரே வூட்டுக் கையெழுத்தா இருக்க வேணாம். வருஷக் கணக்கை எழுதி, நெசவாளர் சொசைட்டி வாசல்ல வாடிக்கையாளர் கண்ணுல படற மாதிரி ஒட்டு. பேனருக்கு ஒதுக்கின எடத்துல பாதி போதும் அதுக்கு. எண்பது-ஜி வாங்கிட்டோம்னு பெருமையா சொல்றீங்க. அது குடுக்கறவனுக்கு வரியில சலுகை. வாங்குற புள்ளைக்கு அதுல இன்னா?

அப்பால உங்க விண்ணப்பப் படிவம். பேரன் கொண்டாந்து காட்டினான். அடேங்கப்பா, பத்திரப்பதிவு ஆபீஸு தோத்துது போ. ஜாதிச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் கார்டு நகல் மூணு, தகப்பனார் கையெழுத்து, தலைமை ஆசிரியர் கையெழுத்து. அதுக்குக் கீழ கொட்டை எழுத்துல: தொண்ணூறு சதவீதம் மார்க்கு வேணும், எல்லாப் பாடத்துலயும் பாஸ் ஆகியிருக்கணும், நடுவுல படிப்பை விட்டிருக்கக் கூடாது.

இந்த ஊர்ல சின்னப் புள்ளையா கொஞ்ச நாளு பள்ளிக்கூடம் போன ஒருத்தர் இருந்தார். அம்மாவைப் பெத்த தாத்தா இங்க கோர்ட்டுல உத்தியோகம். பேரு ராமானுஜம். ஆமாம்பா, கணக்கு மேதை ராமானுஜம். கும்பகோணம் காலேஜுல உதவித்தொகை வாங்கினார். கணக்கைத் தவிர வேற எதையும் தொடமாட்டேன்னு இருந்ததுல அது பறிபோச்சு. 1906ல மெட்ராஸுக்கு வந்து, அதே பச்சையப்பன் காலேஜுல சேர்ந்து, அங்கயும் மத்த பாடத்துல கோட்டை விட்டார். உங்க படிவத்துல மொத வரியிலயே ஆளு அவுட்டு. அப்ப சோறு போட்டது யாரு? ராமச்சந்திர ராவ்னு நெல்லூர் கலெக்டர். நோட்டைப் புரட்டிப் பாத்தார், முழுசா புரியலன்னாலும் சரக்கு இருக்குதுன்னு தெரிஞ்சிக்கினார், மாசம் 25 ரூபா தன் கையிலேர்ந்து குடுத்தார். மேடை கெடையாது, சால்வை கெடையாது. கொஞ்ச நாளைக்கு அப்பால, இன்னும் எத்தினி நாளு இவர் தயவுல சாப்பிடறதுன்னு கூச்சப்பட்டு, ராமானுஜமே துறைமுகத்துல குமாஸ்தா வேலைக்குப் போனார். 1913ல மெட்ராஸ் யூனிவர்சிட்டி, பட்டம் வாங்காத அந்த மனுஷனுக்கு மாசம் 75 ரூபா ஆராய்ச்சி உதவித்தொகை குடுத்துச்சு. சட்டத்தை வளைச்சுத்தான் குடுத்தாங்க. வளைக்கலேன்னா இன்னைக்கு யாரு பேர்ல கணித தினம் கொண்டாடுவீங்க?

நடுவுல படிப்பை விட்டவங்க வேணாமா? அப்படின்னா நம்ம அண்ணாவும் வேணாம். நெசவாளர் வூட்டுப் புள்ள, இதே ஊரு பச்சையப்பன் பள்ளிக்கூடம். வூட்டுக் கஷ்டத்துக்குப் படிப்பை நிறுத்திட்டு முனிசிபாலிட்டி ஆபீஸ்ல எழுத்தரா உக்காந்தார். அப்பால திரும்பப் படிக்கப் போயி, 1934ல பச்சையப்பன் காலேஜுல ஆனர்ஸ் முடிச்சு, எம்.ஏ.யும் முடிச்சார். 1967ல முதலமைச்சர். செல வெச்சிருக்கீங்க, மாலை போடறீங்க, போடுங்க. அவர் விண்ணப்பம் போட்டா மட்டும் தள்ளிடுவீங்க.

தொண்ணூறு மார்க்கு வாங்குன புள்ளைக்கு ஆயிரம் பேரு வருவாங்க. பேப்பர்ல போட்டோ வருது, காலேஜுக்காரன் வூடு தேடி வந்து சீட்டு குடுக்கறான். அறுபத்தஞ்சு வாங்குன புள்ளைய பாரு. ராத்திரி தறியில அம்மாவுக்குக் கோர்வை இழுத்துட்டு, காத்தால கண்ணெரிய பரிட்சைக்குப் போயி அறுபத்தஞ்சு வாங்கியிருக்கும். அது எத்தினி மார்க்குன்னு நீயே போட்டுக்கோ.

கோர்வைன்னா உங்களுக்கு எங்க தெரியப் போவுது, நீங்க பட்டு விக்கிற தலைமுறை. ஒடலு ஒரு நிறம், கரை ஒரு நிறம், அதைப் பின்னி சேக்குறதுக்கு நெசவாளி பக்கத்துல இன்னொரு கை வேணும். அந்தக் கை ரொம்ப காலம் சின்னக் கையாவே இருந்துச்சு. அப்பன் தறிக்காரங்ககிட்ட முன்பணம் வாங்கியிருப்பான், புள்ள அதைக் கழிக்க உக்காரும், கழியறதுக்குள்ள மறுபடி ஒரு முன்பணம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986லயே வந்தாச்சு. ஆனாலும் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச்னு ஒரு அமைப்பு 2003ல பட்டுத்தறியில கொத்தடிமையா கெடக்குற புள்ளைங்களைப் பத்தி ரிப்போர்ட் போட்டப்ப, நம்மூரு பேரும் அதுல வந்துச்சு. காஞ்சிபுரம் போனா காலாட்டிப் பொழைக்கலாம்னு பழமொழி சொல்றவன் எவனும், பக்கத்துல உக்காந்து கையாட்டின புள்ளையப் பத்தி சொல்லல. இப்ப ரொம்பக் கொறைஞ்சு போச்சு. தறி தறியா ஏறி எறங்கி, அப்பன்கிட்ட திட்டு வாங்கி, புள்ளைங்களை எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கினு போனவங்க உண்டு. அவங்க பேரு எந்தப் பேனர்லயும் நான் பாக்கல.

இன்னொண்ணு, உங்க பரிசளிப்பு விழா. காலேஜுல ஃபீஸு கேக்கறது ஜூன், ஜூலையில. நீங்க குடுக்கறது தை மாசம். ஏன்னு கேட்டா சிறப்பு விருந்தினர் தேதி அப்பதான் கெடைச்சுதாம். அதுக்குள்ள அந்தப் புள்ளையோட அம்மா கழுத்துல இருந்தது அடகுக் கடைக்குப் போயி ஆறு மாச வட்டியும் ஏறிடுச்சு. போன வருஷம் இன்னொரு அறக்கட்டளை விழாவுக்குப் போயிருந்தேன், பேரு வேணாம். ஒரு பொண்ணு, கதவு உசரத்துக்கு ஒரு அட்டைச் செக்கைப் புடிச்சிக்கினு நிக்குது. முகமே தெரியல, அட்டைக்கு மேல ரிப்பன் மட்டும் தெரியுது. போட்டோக்காரன் "இன்னும் கொஞ்சம் சிரிமா"ன்றான். எழுதியிருந்த தொகை அஞ்சாயிரம். மேடையில போத்தின சால்வைங்களை வெல போட்டுப் பாத்தேன். சொன்னா கோவிச்சுப்பீங்க, விடுங்க.

அரசாங்கத்தைப் பாருங்க. எதுக்கெடுத்தாலும் அரசாங்கத்தைத் திட்டுற வாய்தான் எனக்கு, ஆனா இதைச் சொல்லியாகணும். 2022ல புதுமைப்பெண் திட்டம்னு கொண்டாந்தாங்க. அரசுப் பள்ளியில படிச்சு காலேஜுக்குப் போற பொண்ணுக்கு மாசம் ஆயிரம் ரூபா. 2024ல பசங்களுக்கும் தமிழ்ப் புதல்வன்னு வந்துச்சு. ஆரம்பிச்ச அன்னைக்கு விழா நடந்துச்சு, சரி. அப்பால மாசாமாசம் பேங்குல விழறதுக்கு யாரும் மாலை போட்டுக்கல. எங்க தெருவுல ஒரு பொண்ணு அந்த ஆயிரத்துலதான் பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் செலவு பண்ணுது. அந்த ஆயிரம் பத்தாத எடம் இருக்குதே, ஹாஸ்டல் ஃபீஸு, லேப்டாப்பு, மெஸ் பில்லு, அங்கதான் உங்களுக்கு வேலை. அகரம் அறக்கட்டளையில புள்ளைய எடுக்கறதுக்கு முன்னால ஆளுங்க வூட்டுக்கே போயி பாத்துட்டு வர்றாங்க. சினிமாக்காரர் வெச்ச அறக்கட்டளைக்கு வூட்டு வாசல் தெரியுது. உள்ளூர்க்காரங்க உங்களுக்கு ஏன் தெரிய மாட்டேங்குது?

உங்க கூட்டத்துலயும் ஒரு உருப்படியான ஆளு உண்டு. ரிட்டயர்டு வாத்தியார், பேனர்ல கடைசி வரிசை, பேருல ரெண்டெழுத்து தப்பா அச்சடிச்சிருக்கீங்க. சைக்கிள்ல போயி எந்த வூட்டுல புள்ள படிப்பை நிறுத்தப் போவுதுன்னு விசாரிச்சிக்கினு வர்றது அவர்தான். ரசீதும் செலவும் நோட்டுல பைசா விடாம எழுதறது அந்தப் பட்டுக்கடைக் கணக்குப் பொண்ணு. அதுக்குப் பேனர்ல எடமே இல்ல. உங்க அறக்கட்டளை அந்த ரெண்டு பேருதான். மத்தவங்க போட்டோவுக்கு நிக்கிறவங்க.

பரிட்சை முடிஞ்சாச்சு, ரிசல்ட்டு மே மாசம், ஃபீஸு ஜூன். பேனரைக் கழட்டி மழைக்கு ஒழுகுற எவன் வூட்டுக் கூரை மேலயாவது போடுங்க. வாத்தியார் கையில இருக்குற பட்டியலை வாங்கிக்கினு, இன்னைக்கு சாயங்காலமே மொத வூட்டுக் கதவைத் தட்டுங்க.