எல்லாம் பக்கத்திலேயே

கிழக்கேகோட்டையில் குடியிருப்பது வசதி என்று சொல்கிறவர் வீட்டில் இன்னும் பிள்ளை பிறந்திருக்காது. நடக்கிற தூரத்தில் பழவங்காடி கணபதி, பத்மநாபசுவாமி கோவில், நகைக்கடைகளோடு சாலைக் கம்போளம். ஒரு தகப்பன் சாக்குச் சொல்லித் தப்ப வழியே இல்லை.

அம்மாவுக்கு நாகர்கோவில், மாமியாருக்கு நெய்யாற்றின்கரை. 1956இல் எல்லை பிரித்தபோது இரண்டும் வேறு வேறு மாநிலமாயின. என் மகனைச் சீராட்டுவதில் மட்டும் இன்றைக்கும் ஒரே திருவிதாங்கூர்தான்.

தொட்டிலிடுவது அம்மாவின் இலாகா. இருபத்தெட்டாம் நாள் நூலுகெட்டு மாமியாருடையது. பிறந்த நட்சத்திரம் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வருகிற நாளாம். இடுப்பில் கறுப்பு நூலும் பொன் அரைஞாணும் கட்டி, வெற்றிலையால் ஒரு காதைப் பொத்தி, மறுகாதில் மூன்று தரம் பெயர் சொன்னேன். மொத்தச் சடங்கிலும் எனக்கென்று எழுதப்பட்ட வசனம் அது ஒன்றுதான். மற்றக் காட்சிகளிலெல்லாம் பணம் எடுத்துக் கொடுக்கும் ஊமை வேடம்.

பொன்னும் வசம்பும் தேனில் உரைத்து நாக்கில் தடவ மாமியார் ஆசைப்பட்டார். ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். பொன் மிச்சம் என்று நான் நிமிர்வதற்குள் அது காப்பாகிவிட்டது. "சாலை இவிடெத்தன்னே அல்லே, மோனே?"

பிறகு பையன் குப்புற விழுந்தான். "பழவங்காடிக்குப் போய் ஒரு தேங்கா உடைச்சிட்டு வா மக்கா, பக்கத்துலதானே!" என்று போனில் அம்மா. ஆபீசில் நான் குப்புற விழாத மாதமில்லை. இதுவரை எனக்காக ஒரு சிரட்டை உடைந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் முதல் பல் முளைத்தால் கொழுக்கட்டை அவித்துக் குழந்தையின் தலையில் கொட்டுவார்கள். இந்தச் செய்தி எங்கள் வீட்டை எட்டாமல் காத்து வருகிறேன்.

தாலாட்டும் என் தலையில்தான். 1813இல் பிறந்த சுவாதித் திருநாளைத் தூங்கவைக்க இரயிம்மன் தம்பி பாடியது 'ஓமனத்திங்கள் கிடாவோ'. அந்த ராஜா கட்டிய குதிரைமாளிகை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எனக்கும் அதே பாட்டு வரவேண்டும் என்பது மனைவியின் கணக்கு. நான் பாடினால் பக்கத்து வீட்டுக் குழந்தையும் எழுந்துகொள்கிறது.

ஆறாம் மாதம் சோறூண். ஒத்திப்போட டாக்டரிடம் சிபாரிசு கேட்டேன். ஆறு மாதம்வரை தாய்ப்பால், அதற்கப்புறம் மற்ற ஆகாரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பேச்சும் என்றார். ஜெனீவாவிலும் என் மாமியார் இருக்கிறார்.

குருவாயூரில் நேர்ச்சையாம். தூரமாயிற்றே என்று இழுத்துப் பார்த்தேன். சென்னையிலிருந்து குருவாயூர் போகிற ரயில் நாகர்கோவில் வழியாக வந்து எங்கள் பக்கத்துத் தம்பானூர் ஸ்டேஷனில் நிற்கிறது. அம்மா முதலிலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள். சந்நிதிக்குள் ஆண்களுக்குச் சட்டை கிடையாது. என் தொப்பையில் சாய்ந்தபடி பையன் முதல் சோற்றைத் துப்பினான். போட்டோ பார்த்தவர்கள், சோறு அப்பாவுக்குத்தான் நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார்கள்.

வாடகைக்கு வீடு தேடும் புதுமாப்பிள்ளைகளே, கழக்கூட்டம் பக்கம் பாருங்கள். பஸ் குறைவாக இருந்தால் இன்னும் விசேஷம்.