சும்மா இருக்கத் தெரியாத ரவுட்டர்கள்: ஓர் ஆய்வு

காசு கொடுத்துப் பேசும் கம்பியில் ரவுட்டர்கள் ஏன் ஓயாமல் பேசுகின்றன என்பதை அறிஞர் உலகம் இதுகாறும் பொறியியல் சிக்கலாகவே கருதி வந்துள்ளது. அது குணக்கேடு என்பதே இவ்வாய்வாளரின் துணிபு.

1990களில் ஐரோப்பாவின் கிளை அலுவலகங்கள் பல, ஐஎஸ்டிஎன் தொலைபேசி வழியே தலைமையகத்தோடு இணைந்திருந்தன. பேசும் நேரத்துக்குக் கட்டணம். அனுப்ப ஏதாவது இருந்தால் மட்டும் ரவுட்டர் டயல் செய்யும்; போக்குவரத்து ஓய்ந்தால் துண்டித்துவிடும். சிஸ்கோ ரவுட்டரில், யாரும் மாற்றி வைக்காவிட்டால், இந்தக் காத்திருப்பு 120 வினாடி.

இந்த இடத்தில் வந்து சேர்கிறது, ரவுட்டர்கள் தமக்குள் வழி சொல்லிக்கொள்ள உதவும் ரிப். 1988இல் ஆர்.எஃப்.சி. 1058 என்ற ஆவணமாக எழுத்தில் ஏறிய இந்நெறிமுறை, தனக்குத் தெரிந்த வழிகள் அனைத்தையும் 30 வினாடிக்கொருமுறை ஒப்பிக்கும். ஆக, அந்த 120 வினாடி ஒருநாளும் நிறையாது. அரை நிமிடத்துக்கொருதரம் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு, மாறாத சேதியையே நாளுக்கு 2,880 தடவை சொல்வதற்கு ஒப்பானது இது. அதே வேலைக்கான இன்னொரு நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப் படித்த பிள்ளை, ஒப்பிக்காது. ஆனால் ‘இருக்கிறேன்’ என்று 10 வினாடிக்கொரு ஹலோ உண்டு. 40 வினாடி பதில் வராவிட்டால் எதிர்முனைக்குக் கருமாதியே நடத்திவிடும்.

ஹலோவுக்காக டயல் செய்யாதே என்று கட்டளையிட்டால் தீராதா எனின், தீராது. ஹலோ போகாது; அண்டை ரவுட்டர் இறந்ததாகி, வழி அழியும்; பிறகு மெய்யான வேலை வந்தாலும், வழி தெரியாமல் டயல் செய்யாது. செலவும் மிச்சம், வேலையும் மிச்சம்.

முருகன் அருணகிரிநாதருக்கு அருளிய மௌன உபதேசம் ரிப்புக்கு 1994இல் ஜெரி மேயர் எழுதிய ஆர்.எஃப்.சி. 1582 வழியாகவும், ஓஎஸ்பிஎஃப்புக்கு 1995 ஏப்ரலில் ஜான் மோய் எழுதிய 1793 வழியாகவும் கிட்டியது. பேச்சில்லையா, நலமாக இருக்கிறார்கள் என்று கொள்க, இதுவே சாரம். ஓஎஸ்பிஎஃப்பில் அண்டை பழகியதும் ஹலோ நிற்கும். வழித்தகவல்களுக்கு 'வயது ஏறாதே' என்றொரு வரமும் உண்டு. ஆனால் வலைப்பின்னலின் அந்தப் பகுதியில் இதை ஏற்காத பழைய ரவுட்டர் ஒன்றிருந்தாலும் வரம் பலிக்காது.

பலித்தாலும் குணம் போகுமா? சேதி மாறினால் சொல்லியாக வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. டயல் இணைந்ததும், இணைப்பை நடத்தும் பிபிபி நெறிமுறை, எதிர்முனை முகவரிக்கென்று தனி வழியொன்றை உண்டாக்கும். கவனக்குறைவாக அதையும் ஓஎஸ்பிஎஃப்புக்குள் பரப்ப விட்டிருந்தால், இணைப்பு துண்டிக்கப்பட்டதும் அவ்வழி மறையும். மறைந்தது புதுச்சேதி அல்லவா? சொல்ல வேண்டுமே! போனை வைத்துவிட்ட செய்தியைச் சொல்வதற்காகவே ரவுட்டர் மறுபடி போன் செய்யும். சொல்லி முடித்து வைக்கும். வைத்ததும் மீண்டும் சேதி. மாதக் கடைசியில் பில்லைப் பார்த்தவர்களே இதன் தலைசிறந்த உரையாசிரியர்கள்.

இரண்டே அலுவலகம், நடுவே ஒரே கம்பி என்றால், இத்தனை சாத்திரமும் தேவையில்லை. வழியைக் கையால் ஒரு வரி எழுதி வைத்துவிடலாம். அந்த வரி யாருக்கும் போன் செய்வதில்லை.