நட்டுக் கழண்ட தம்பிக்கு

தம்பி, உங்கட துடுப்புப் படகு ஏன் எப்பவும் ஞாயிற்றுக்கிழமை காலமையிலதான் உடையுது எண்டு ஒருக்கால் யோசிச்சீரோ? மற்ற ஆறு நாளும் அது கொட்டிலில படுத்துக் கிடக்கும்; தொட ஆளிராது. புறக்கோட்டை முழுக்கக் கதவு பூட்டிக் கிடக்கிற ஞாயிறு விடியத்தான் நீர் அதைப் பேர வாவிக்குள்ள இறக்குவீர். நட்டு கழண்டு சேத்துக்குள்ள போகும். திங்கள் காலமை பழைய சோனகத் தெருவில எங்கட கடை வாசலில நிண்டு, "ஐயா, இத்தினூண்டு நட்டு" எண்டு விரலால அளவு காட்டுவீர். உம்மட விரலுக்கு அங்குலமும் தெரியாது, மில்லிமீற்றரும் தெரியாது.

ஒற்றை ஆள் படகு எட்டு மீற்றருக்கு மேல நீளம். போட்டி விதிப்படி 14 கிலோ இருந்தாப் போதும். எங்கட வல்வெட்டித்துறையில அதைவிடப் பாரமான நங்கூரம் கிடந்தது. எங்கட ஊர்ப் பாய்க்கப்பல் அன்னபூரணி 1938இல அத்திலாந்திக்கைத் தாண்டி அமெரிக்காவின்ர குளொஸ்டர் துறைமுகம் மட்டும் போய்ச் சேந்தது. இதைச் சொல்லாம நான் ஒருத்தருக்கும் ஆணி நிறுத்துக் குடுக்கிறதில்லை. நீர் வாவியின்ர அந்தக் கரைக்குப் போக முதல் அந்தரப்படுறீர்.

உம்மட கிளப் பழசுதான், ஒத்துக்கொள்ளுறன். கொழும்பு ரோயிங் கிளப் 1864இல தொடங்கினது. சென்னைக்காரற்ற கிளப் அதுக்கு மூண்டு வருசம் இளசு. 1898இல இருந்து ரெண்டு பேரும் மோதுகினம். ஆம்பிளையளுக்குத் 'தீபம்' எண்டு ஒரு கிண்ணம். அதுக்காகத் திருகாணியும் 1864இலயே இறுக்கி முடிஞ்சுது எண்டு நினைக்கக்கூடாது.

எட்டுப் பேர் வலிக்கிற படகில இந்தத் திருகாணி மறதி இன்னும் விசேசம். சுக்கான் பிடிக்கிறவரோட ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரில ஒருத்தர் பாத்திருப்பார் எண்டு ஒவ்வொருத்தரும் நம்புவினம். கலியாண வீட்டில உப்புப் போட்டாச்சோ எண்டு ஆளாளுக்குக் கேட்டு, கடைசியில கறி உப்பில்லாமல் பந்திக்கு வாற மாதிரித்தான். பிறகு சறுக்கு ஆசனத்தின்ர சில்லு கழண்டவரைத் திட்டுவினம். பாவம், அவர் அண்டைக்குத்தான் முதல் முதல் அதில இருந்தவர்.

துடுப்பைக் கவ்வுற கொளுவியின்ர வாயை மூடுற திருகாணி இருக்கே, அதைத்தான் உம்மட ஆக்கள் கடைசியா நினைப்பினம். அது திறந்தால் துடுப்பு வெளிய பாயும், படகு அந்தப் பக்கம் சரியும், நீர் வாவியின்ர மணத்தைக் கிட்ட நிண்டு அறிவீர். சரிஞ்சால் கைபிடி ரெண்டையும் விடாதையும். படகை நேரா வைச்சிருக்கிறது அந்தத் துடுப்புகள்தான். கவிண்டால் படகைப் பிடிச்சுக்கொண்டு கிடவும், நீச்சல் வீரம் வேண்டாம். சப்பாத்தின்ர குதியில கட்டியிருக்கிற கயிற்றை அலங்காரமெண்டு அறுத்துப்போடாதையும். அது சப்பாத்தைப் பிடிச்சு வைச்சால்தான் கால் உருவி வரும்.

படகு ஒரு பக்கமா இழுத்தால் உடைஞ்சுபோச்செண்டு கத்தவும் வேண்டாம். அடியில இருக்கிற செட்டையில ஒரு பொலித்தீன் பையோ ஆகாயத்தாமரையோ கொழுவியிருக்கும். நாலு தண்டு பின்னுக்கு வலியும், கழண்டுபோகும். போற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிற உமக்கு இது கஷ்டமான வேலையில்லை.

உடைஞ்சே தீருமெண்டால் நேரம் பாத்து உடையச் சொல்லும். 2012 லண்டன் ஒலிம்பிக், எடை குறைஞ்ச இரட்டையர் இறுதிப் போட்டி. பிரித்தானியாவின்ர சாக் பர்ச்சஸ் இருந்த ஆசனம் முதல் 100 மீற்றருக்குள்ள உடைஞ்சுது. போட்டியை நிப்பாட்டி, திருத்தி, திரும்பத் தொடங்கினவை. ஆளுக்கு வெள்ளி கிடைச்சுது, தங்கம் டென்மார்க்குக்கு. பேர வாவியில உமக்காக ஆர் நிப்பாட்டுறது? கொக்கும் நிக்காது.

அதால ஒரு 10 மில்லிமீற்றர் ஸ்பனரைக் கயிற்றில கட்டிப் படகுக்குள்ள வையும். கயிறு முக்கியம்; கையால நழுவின ஸ்பனர் மிதக்காது. சில படகுக்கு அங்குலக் கணக்கில 7/16 வேணும், உம்மடதுக்கு எது எண்டு கரையில வைச்சே போட்டுப் பாரும். உள்ளுக்கு நைலோன் வளையம் வைச்ச நட்டைக் கழட்டிக் கழட்டிப் பூட்டினால் பிடி விட்டுப்போகும், அப்ப புதுசு போடும். மலிவெண்டு வெறும் இரும்பு நட்டு வாங்காதையும், நனைஞ்சால் கறள் பிடிச்சுப்போகும். ஸ்ரெயின்லெஸ் கேளும்.

சனிக்கிழமை கடை பூட்ட முதல் வாரும். பழைய நட்டைக் கையில கொண்டு வாரும், விரலை வீட்டில விட்டிட்டு. தெரிஞ்ச பிள்ளை எண்டு விலை குறைக்க மாட்டன்.