எண்ணுவோரும் எண்ணுவோரும்

மனிதரை இரு கட்சியாகப் பிரிக்க வல்ல விஷயங்கள் உலகத்தில் பல உண்டு, அவற்றுள் சமயம், அரசியல், காபித்தூளில் சிக்கரி கலப்பது முதலியவற்றைப் பற்றி அறிஞர்கள் வேண்டிய அளவு எழுதித் தள்ளிவிட்டார்களாகையால், அவர்கள் ஏர் படாமல் கிடக்கும் ஒரு சிறு நிலத்தை, அதாவது, நாலைந்து ஸ்வரங்களையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு போகும் சினிமாப் பின்னணி இசையைக் கேட்டு ஒருவர் கண்மூடி உருகுவதும், அவருக்கு அடுத்த நாற்காலியில் இருப்பவர் "ரிகார்டு கீறிப் போச்சா?" என்று வினவுவதும் எக்காரணம் பற்றி என்ற பிரச்னையை, இக்கட்டுரையில் உழுது பார்க்க எண்ணுகிறேன். 'எண்ணுகிறேன்' என்ற சொல்லை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

முதலில் பெயர். மேல்நாட்டார் இதனை மினிமலிஸம் என்பார்கள். 1968-இல் லண்டன் வாரப் பத்திரிகை ஒன்றில் சங்கீத விமரிசகராக இருந்த மைக்கேல் நைமன் என்பவர், ஓவியர்களிடம் வழங்கிய இவ்வடைமொழியைச் சங்கீதத்துக்கும் எடுத்துச் சூட்டினார். பிற்காலத்தில் அவரே அவ்வகைச் சங்கீதத்தை இயற்றத் தொடங்கி, 1993-இல் வெளிவந்த 'தி பியானோ' என்ற படத்தில் வாய் பேசாத கதாநாயகிக்குப் பேச்சாக ஒரு பியானோ இசையை அமைத்துப் புகழும் வசையும் ஒருங்கே பெற்றது, பெயர் சூட்ட வந்த புரோகிதரே தொட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது போன்ற விந்தை. தமிழில் 'சிக்கன இசை' எனலாமோ என்று முதலில் கருதினேன். ஆயினும் ஸ்வரத்தில் கஞ்சத்தனம் காட்டும் இந்தச் சங்கீதம் நேரத்தைச் செலவழிப்பதில் ஜமீன்தார் பிள்ளையை ஒத்திருக்கிறபடியால், அந்தப் பெயரைக் கைவிட்டு, ஒருவாறு 'மித சங்கீதம்' என்று வைத்துக்கொள்கிறேன்.

இதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் பாரிஸ் நகரத்து எரிக் ஸாட்டி என்ற வினோத புருஷரிடம் போய் நிற்போம். சுமார் 1893-இல் அவர் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் பியானோ உருப்படி ஒன்றை எழுதி, இதை 840 முறை வாசிக்க விரும்புகிறவர் முன்னதாக மௌனத்தால் தம்மைத் தயார் செய்துகொள்வது நலம் என்ற கருத்துப்பட ஒரு குறிப்பும் எழுதிவைத்தார். வேடிக்கைக்கு எழுதியதாகத்தான் பலரும் கருதியிருக்க வேண்டும்; ஆனால் 1963-இல் நியூயார்க்கில் ஜான் கேஜ் என்பார் பல பியானோக்காரர்களை முறை வைத்து உட்கார்த்தி, 18 மணி நேரத்துக்கு மேலாக அதனை 840 தடவையும் வாசிக்கச் செய்தார். கட்டணம் 5 டாலர்; உட்கார்ந்து கேட்கும் ஒவ்வொரு 20 நிமிஷத்துக்கும் 5 செண்ட் திருப்பித் தரப்படும் என்ற ஏற்பாடும் இருந்தது. கடைசி வரை அசையாமல் இருந்த புண்ணியவானுக்குக் கட்டணத்தில் பாதிக்குச் சற்று அதிகமே திரும்பக் கிடைத்தது என்பதிலிருந்து, சகிப்புத்தன்மைக்கு உலகம் கொடுக்கும் கூலி எப்போதும் குறைவுதான் என்று தெரிகிறது. எல்லாம் முடிந்த பிறகு சபையில் ஒருவர் இன்னொரு முறை வாசிக்கும்படி கூவினாராம். அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதை இன்றளவும் என்னால் நிர்ணயிக்க முடியவில்லை.

இதே ஸாட்டிதான் 1924-இல் ரெனே கிளேர் எடுத்த 'ஆந்த்ராக்த்' என்ற சிறு மௌனப் படத்துக்கு, ஒட்டகம் இழுக்கும் சவ வண்டியின் பின்னால் பெரிய மனிதர்கள் துள்ளித் துள்ளி ஓடுகிறார்களே, அந்தப் படத்துக்கு, சின்னஞ்சிறு துணுக்குகளைக் காட்சியின் நீளத்துக்குத் தக்கபடி மடக்கி மடக்கி வாசிக்குமாறு இசை அமைத்தார். ஆகவே மித சங்கீதம் சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்தது நேற்றல்ல. சினிமா பேசத் தொடங்குவதற்கு முன்பே அது நுழைந்துவிட்டது.

இனி இலக்கணப் பிரமாணம். ஒரு சொல்லை எத்தனை தடவை அடுக்கலாம் என்பதற்கு நம் நன்னூலார் எல்லை வகுத்திருக்கிறார். அசைநிலைக்கும் விரைவு, வெகுளி, உவகை, அச்சம் போன்ற பொருள்நிலைக்கும் இசைநிறைக்குமாக இரண்டு, மூன்று, நான்கு வரைதான். ஐந்தாவதற்கு அனுமதி இல்லை. வீடு பற்றி எரிந்தாலும் 'தீ' என்று அதற்குமேல் கூவுதல் இலக்கண வழு என்றால், ஒரே துணுக்கை நிமிஷக் கணக்காக அடுக்குகிறவரை நன்னூலார் என்ன செய்திருப்பார் என்று சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் அதே இலக்கணத்தில் இரட்டைக்கிளவி என்றும் ஒன்று இருக்கிறது. 'சலசல' என்பதில் பாதியை வெட்டினால் மிஞ்சுவது சொல் அன்று, வெறும் ஒலி. மித சங்கீதத்தை வெறுப்பவர் அதை அடுக்குத்தொடராகக் கேட்டு, ஒன்று போதுமே, ஏன் ஒன்பது என்கிறார். விரும்புகிறவர் அதையே இரட்டைக்கிளவியாகக் கேட்டு, ஒன்றைத் தனியே எடுத்தால் பொருள் ஏது என்கிறார். இந்த விளக்கம் எனக்கு மிகவும் திருப்தியளித்து, கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் ஒரே மனிதர் ஒரே படத்தின் முற்பாதியை ஒரு விதமாகவும் பிற்பாதியை வேறு விதமாகவும் கேட்பதற்கு இதில் சமாதானம் இல்லாமையால், மேலே போக வேண்டியதாயிற்று.

இத்துறையில் பிரதம எதிரி, அல்லது பிரதம ஆசாரியர், பிலிப் கிளாஸ் என்பவர். 1937-இல் பால்டிமோர் நகரில் பிறந்தவர். இவருடைய தகப்பனார் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். விலை போகாத தட்டுகளை வீட்டுக்கு எடுத்து வந்து, இவை ஏன் விற்கவில்லை என்று கண்டுபிடிப்பதற்காகப் போட்டுப் போட்டுக் கேட்பாராம். கேட்டதன் பலன், குறை ஒன்றும் தென்படாமல் அவற்றின்மேலேயே அவருக்குப் பிரியம் வந்துவிட்டது. மித சங்கீதத்தின் சரித்திரம் முழுவதும் அந்த ஒரு வீட்டுக் கூடத்தில் அடங்கிவிடுகிறது என்பது என் துணிபு. மகன் நாற்பது வயது வரை டாக்ஸி ஓட்டியும், குழாய் வேலை செய்தும் பிழைத்தார். பாத்திரம் கழுவும் இயந்திரம் பொருத்துவதற்காக ஒரு வீட்டில் குனிந்துகொண்டிருந்தபோது, அவ்வீட்டுக்காரரான பிரபல கலை விமரிசகர் ராபர்ட் ஹியூஸ் அடையாளம் கண்டு திகைத்துப் போன கதை பிரசித்தம்.

ரசிகர் பிரிவினைக்கு முதல் சான்றையும் கிளாஸே தருகிறார். ஆம்ஸ்டர்டாமில் ஒரு கச்சேரியில், சபையோரில் ஒருவர் பொறுக்கமாட்டாமல் மேடையேறி வந்து வாத்தியக் கட்டைகளைத் தாமும் அறையத் தொடங்க, கிளாஸ் யோசியாமல் அவர் தாடையில் ஒரு குத்து விட்டு, அம்மனிதர் மேடையிலிருந்து சரிந்ததும் ஒன்றும் நடவாததுபோல் வாசிப்பைத் தொடர்ந்தாராம். சபையில் பாதிப் பேர் ஆரவாரம் செய்ய, மற்றவர்கள் ஏசவும் சிரிக்கவும் செய்தார்கள் என்று சுயசரிதையில் எழுதுகிறார். இங்கே ஆராய்ச்சியாளன் குறித்துக்கொள்ள வேண்டியது, குத்து ஒரே ஒரு தடவைதான் என்பது. அவருடைய படைப்புகளில் திரும்ப வராத ஒரே துணுக்கு அதுவாக இருக்கலாம்.

கட்சிப் பிரிவுக்குக் காரணமாகச் சொல்லப்படும் கொள்கைகளைச் சற்றே பரிசீலிப்போம். ஒன்றைச் சுறாக் கொள்கை என்று அழைக்கலாம். 1975-இல் வந்த 'ஜாஸ்' படத்தில் ஜான் வில்லியம்ஸ் இரண்டே ஸ்வரங்களை மாற்றி மாற்றி வாசித்துக் காட்டியபோது, இயக்குநர் ஸ்பீல்பெர்க் பரிகாசம் என்று நினைத்துச் சிரித்துவிட்டாராம். உலகமோ சிரிக்காமல் நாற்காலியைப் பற்றிக்கொண்டது. ஏனெனில் அந்த இரண்டு ஸ்வரத்தின் முடிவில் ஒரு சுறா வருகிறது. கிளாஸ் இசையில் எவ்வளவு காத்திருந்தாலும் சுறா வருவதில்லை, ஆகவே கோபம். இது நல்ல கொள்கைதான். ஆனால் சுறா வராமலே மகிழ்கிறவர் இத்தனை பேர் இருப்பதை இது விளக்கவில்லை.

மற்றொன்று பொருட்கொள்கை: இசை எதைச் சொல்கிறதோ அது சிலருக்குப் பிடிக்கிறது, சிலருக்குப் பிடிக்கவில்லை என்பது. இதை நிராகரிக்க 'தி அவர்ஸ்' என்ற 2002-ஆம் ஆண்டுப் படம் ஒன்றே போதும். 1923, 1951, 2001 ஆகிய மூன்று காலங்களில் வாழும் மூன்று பெண்களை ஒரே இசையால் தைத்துச் செல்லும் அப்படத்துக்காகப் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தார் கிளாஸுக்கு விருது கொடுத்தார்கள்; ஆஸ்கார்க்காரர்கள் பரிந்துரையோடு நிறுத்திக்கொண்டார்கள். நடுவர்களிலேயே இரண்டு கட்சி! அது கிடக்கட்டும். அதில் லாஸ் ஏஞ்சலஸ் இல்லத்தரசி ஒருத்தி கணவனின் பிறந்தநாளுக்குக் கேக் செய்கிறாள் அல்லவா? இசைத்தட்டில் அந்தக் கேக்கின் பெயரைத் தாங்கி வரும் பகுதி, 1980-இல் ராட்டர்டாமில் அரங்கேறிய கிளாஸின் 'சத்தியாகிரகம்' என்ற சம்ஸ்கிருத இசைநாடகத்தில், 1908-ஆம் ஆண்டு ஜோஹானஸ்பர்க்கில் காந்தியடிகளின் தலைமையில் இந்தியர்கள் தங்கள் பதிவுச் சீட்டுகளைத் தீயிலிட்ட காட்சிக்கு அமைந்த இசையிலிருந்து எடுத்தாளப்பட்டது. அந்தப் போராட்டத்தில் சிறை புகுந்தவர்களில் தமிழர் ஏராளம். தம்பி நாயுடு போன்றவர்கள் திரும்பத் திரும்பச் சிறை சென்ற தீரத்துக்கும், மாவும் சர்க்கரையும் அளந்து போடும் சஞ்சலத்துக்கும் ஒரே இசை பொருந்துமானால், கேட்பவரின் கட்சி இசைக்குள் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்பது பெறப்படும்.

எங்கே இருக்கிறது என்பதற்கான துப்பு 1960-களின் நடுவில் பாரிஸிலேயே கிடைத்துவிட்டது. அங்கே ஒரு படத்துக்காக ரவிசங்கர் வாசித்ததை மேல்நாட்டு வாத்தியக்காரர்களுக்காக ஸ்வரப்படுத்தி எழுதும் வேலை இளைஞர் கிளாஸுக்குக் கிடைத்தது. அவர் தம் நாட்டு முறைப்படி பத்திக்குப் பத்தி நெடுங்கோடு போட்டுப் பிரித்து எழுத, வாசித்துப் பார்த்தபோதெல்லாம் அழுத்தம் தவறான இடத்தில் விழ, தபலா வித்வான் அல்லா ரக்கா, எல்லா ஸ்வரமும் சமம் என்ற ஒன்றையே மறுபடி மறுபடி சொல்லித் தலையசைத்தாராம். கடைசியில் கிளாஸ் கோடுகளை எல்லாம் அழித்தார், வழி பிறந்தது. நம் கச்சேரியில் தம்பூரா மீட்டுகிறவரைப் பார்த்து, மூன்று மணி நேரமாக இதே நான்கு தந்திதானா என்று யாரும் கேட்பதில்லை. அவருக்கு யாரும் கோடு போடாததே காரணம்.

கோடு போட்டுக்கொண்டு கேட்கிறவர், இது பதினேழாவது, இது பதினெட்டாவது என்று எண்ணுகிறார். கோடு இல்லாமல் கேட்கிறவர் தம் தாயாரையோ, கட்டாமல் விட்ட வீட்டையோ எண்ணுகிறார். தமிழில் கணக்கிடுவதற்கும் நினைப்பதற்கும் ஒரே வினைச்சொல்தான். ஆங்கிலேயர் இரண்டு சொல் வைத்துக்கொண்டு இரண்டு கட்சியானார்கள்; நாம் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு கட்சியாகியிருக்கிறோம்.

கொள்கை கண்டபின் பரிசோதனை வேண்டும். கிளாஸ் முதலில் சினிமாவுக்கு எழுதுவதில்லை என்று மறுத்தும், துறவியர் சபையில் 14 ஆண்டு, அதாவது சரியாக ஒரு வனவாச காலம், இருந்து பொறுமை பயின்ற காட்ஃப்ரி ரெஜியோ விடாமல் வற்புறுத்தி எழுதி வாங்கிய 'கோயானிஸ்காட்ஸி' என்ற 1982-ஆம் ஆண்டுப் படத்தைத் தேர்ந்துகொண்டேன். ஹோப்பி மக்கள் மொழியில் நிலைகுலைந்த வாழ்க்கை என்று பொருள். 86 நிமிஷம், வசனம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டுக் கூடத்தில் என் தாயார், மனைவி, மைத்துனர் மூவரையும் உட்கார்த்தினேன். மைத்துனர் தணிக்கை இலாகாவில் முப்பது வருஷம் இருந்தவர், கல்யாண வீட்டு மொய்ப் புத்தகத்தில்கூடக் கூட்டல் சரிபார்க்காமல் இலை முன்னால் உட்காராதவர் ஆதலால், எண்ணுவோர் கட்சிக்கு அவரைவிடச் சிறந்த பிரதிநிதி கிடையாது. அவர் முன் 200 புளியங்கொட்டைகள் நிறைந்த கிண்ணம் ஒன்றும் காலிக் கிண்ணம் ஒன்றும் வைத்து, துணுக்கு திரும்பும்போதெல்லாம் ஒரு கொட்டையை மாற்றிப் போடும்படி கேட்டுக்கொண்டேன்.

மனைவி பத்தாவது நிமிஷத்திலேயே அடுப்பைக் கவனிக்க எழுந்து போனவள், முடியும் தறுவாயில் வந்து, "நான் கேக்கவே இல்லைங்க, ஆனா நல்லா இருந்துது" என்றாள். 1920-இல் ஸாட்டி, மேஜை நாற்காலி போல் கவனிக்கப்படாமல் அறையில் இருக்க வேண்டிய சங்கீதம் என்று ஒன்றை வாசிக்கச் செய்து, சபையோர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கியதும், கேட்காதீர்கள், பேசுங்கள் என்று மன்றாடினார். பாவம், அவர் தேடிய ரசிகை எங்கள் சமையலறையில் இருந்தாள்.

தாயார் துளசி மாலையை உருட்டிக்கொண்டே பார்த்தார். இரவு நகரத்தின் சாலைகளில் மோட்டார் விளக்குகள் வெள்ளமாகப் பாயும் பகுதி, இருபது நிமிஷத்துக்கு மேல் நீளும் அந்தப் பகுதி, வந்தபோது, "இத்தனை வண்டியும் எங்கேடா போகுது? எப்போ ஊர் போய்ச் சேரும்?" என்று கேட்டார். படம் எடுத்தவர் வசனமே வையாமல் கேட்ட கேள்வி அதுதான் என்று நான் சொல்லவில்லை. மாலையில் எத்தனை எண்ணினீர்கள் என்று மட்டும் கேட்டேன். "விரல் எண்ணிக்கும்டா. மனசு எதுக்கு எண்ணணும்?" என்றார்.

மைத்துனர் முதலில் மளமளவென்று கொட்டைகளை மாற்றினார். காலிக் கிண்ணம் கால்வாசி நிறைந்தது வரை நான் பார்த்தேன். பிறகு நானே திரையைப் பார்த்துவிட்டேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் வானத்தில் வெடித்த ராக்கெட்டின் சிதறல் ஒன்று சுழன்று சுழன்று விழுந்துகொண்டே இருக்க, அடித்தொண்டைக் குரல் ஒன்று படத்தின் பெயரையே ஓதி ஓய்ந்த பிறகு திரும்பினால், கிண்ணம் அதே கால்வாசியில் நிற்கிறது. மைத்துனரின் விரலிடுக்கில் ஒரு கொட்டை.

"என்ன மாப்பிள்ளை, பாதியில நிறுத்திட்டீங்களா?" என்றேன்.

"நிறுத்தலையே அத்தான். எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

எந்த எண்ணம் என்று துருவிக் கேட்பது ஆராய்ச்சி தர்மமாக இருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கத் துணியவில்லை. அட்டவணையில் அவர் பெயருக்கு நேரே உள்ள கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. மறுநாள் காலை இரண்டு கிண்ணத்தையும் சேர்த்துக் கொட்டிப் பார்த்தபோது 199 கொட்டைகள்தாம் இருந்தன.