எண்ணெய்க்குத் தடை, மனைக்கு மாலை

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்தைச் சுற்றியுள்ள குமராட்சி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை ஒன்றியங்களை 2020 முதல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காத்துவருகிறது. எண்ணெய்க் கிணறு, துத்தநாக உருக்காலை, கப்பல் உடைக்கும் தளம் எதுவும் அங்கே புதிதாக வரக்கூடாது. நல்லதுதான். ஆனால் அந்தத் தடைப் பட்டியலில் வீட்டுமனை இல்லை. நான்கு மூலையில் கல் நட்டு, முகப்பில் வளைவு கட்டி, ‘நகர்’ என்று பெயர் சூட்டினால் நஞ்சைக்கு ஆபத்தில்லை போலும்! நிலப்பயன் மாற்றத்துக்கு அனுமதி வாங்க வேண்டுமே என்பார்கள். வாங்காதவர்களின் மனைப் பத்திரப்பதிவை 2016-இல் உயர் நீதிமன்றம் நிறுத்தியது. 2017-இல் அரசு வரன்முறை விதிகளோடு வந்து கட்டணம் வாங்கிக்கொண்டது. மக்களுக்கு வீடு வேண்டாமா? வேண்டும். கடலூரில் தண்ணீருக்கும் இடம் வேண்டும். 2015 வெள்ளம் எந்த அனுமதிக்கும் விண்ணப்பிக்கவில்லை.